பூசி மெழுகாதீர்கள்!

"வீடு வாங்கியாச்சா? எப்போ இடிக்கப் போறீங்க?" - லண்டன் ஈஸ்ட்ஹாமில் வீடு வாங்கினால் நம்மவர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். 2018-ல் நாங்கள் வாங்கியபோதும் கேட்டார்கள். நாங்களும் பெருமையாக, "அடுத்த வாரமே ஆரம்பிச்சிடுறோம்" என்றோம். அந்த அவசரத்துக்கு என் இரண்டாவது பையன் ஐந்து வருடம் மூச்சுத் திணறிக் கஷ்டப்பட்டான். அதனால்தான் இதை எழுதுகிறேன். வெளிநாட்டு வீட்டுக் கதைதானே என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள், சகோதரிகளே. கும்பகோணத்தில், காரைக்குடியில் தாத்தா கட்டிய சுண்ணாம்புச் சுவர் வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

எங்கள் வீடு விக்டோரியா மகாராணி காலத்தில், 1890களில் கட்டியது. இங்கே தெருத் தெருவாக இப்படித்தான். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர், முன்பக்கம் பிதுங்கிய மாதிரி ஒரு ஜன்னல், மேலும் கீழும் இழுக்கிற மரச் சட்டங்கள், ரூமுக்கு ஒரு கணப்பு, கூரையில் சிலேட்டு ஓடு. நாம் சின்ன வயசில் அ, ஆ எழுதிப் பழகினோமே, அதே சிலேட்டுக் கல்தான். வாங்கும்போது எங்களுக்கு இரண்டு பையன்கள். மூன்றாவதும் வரலாம், ஊரிலிருந்து பெரியவர்களும் வந்து தங்கலாம் என்றுதான் மூன்று படுக்கையறை வீடாகப் பார்த்தோம்.

பழசு என்றாலே தரித்திரம் என்று நமக்கு ஓர் எண்ணம். என் வீட்டுக்காரரும் விதிவிலக்கில்லை. பில்டரும் அதற்கு ஏற்ற ஆள். ஒரு மாதத்தில் வீடு பளபளவென்று ஆகிவிட்டது. சுவரின் பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமென்ட் பூச்சு, அதன் மேல் வழவழவென்று ஜிப்சம், அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட். கணப்புகளைப் பலகை வைத்து அடைத்தாயிற்று. வெளிச்சுவருக்கும் சிமென்ட். முன்பக்கச் செடி கொடியைப் பிடுங்கி, கார் நிறுத்தக் கல் பாவி, தரை உயர்ந்ததில் சுவரின் அடியில் இருந்த ஓட்டைச் செங்கல்கள் மண்ணுக்குள் போய்விட்டன. அந்த ஓட்டை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் "புது வீடு மாதிரியே இருக்கு!" என்றார்கள். அதைக் கேட்கத்தானே அத்தனை செலவு செய்தோம்!

முதல் குளிர்காலத்திலேயே பின் ரூமில், பையன் கட்டிலுக்குப் பின்னால், உள்ளங்கை அளவுக்குக் கறுப்பாகப் பூஞ்சை வந்தது. பிளீச் போட்டுத் துடைத்தேன். பத்து நாளில் மறுபடி வந்தது. பெயிண்ட் அடித்தோம், அதையும் தாண்டி வந்தது. அடுத்த வருடம் அவனுக்கு வீசிங். டாக்டர் இன்ஹேலர் கொடுத்தார். ராத்திரி இரண்டு மணிக்கு அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இலவசமாகப் பரிசோதிக்கிறேன் என்று ஒருவர் வந்தார். சுவரில் ஊசி மாதிரி ஒரு மெஷினைக் குத்திப் பார்த்து, "அடியிலிருந்து ஓதம் ஏறுகிறது, ரசாயனம் ஏற்ற வேண்டும்" என்றார். ஏற்றினோம். பணம் போனதுதான் மிச்சம், ஓதம் போகவில்லை.

இந்த நிலையில்தான் மூன்றாவது பேறுகாலத்துக்காக 2023 மார்ச்சில் என் அம்மா வந்தார். ஆறு மாத விசா. வந்த மறுநாள் பேரனின் ரூமுக்குப் போனவர் சுவரில் கையை வைத்தார். தட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரரிடம், "மாப்பிள்ளை, நான் சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. சுண்ணாம்புச் சொவத்துக்கு எவன் சிமென்ட்டு பூசுனான்? மூச்சு முட்டிக்கிட்டு அழுவுது பாருங்க" என்றார்.

"அத்தை, இது லண்டன். நம்ம ஊர் மாதிரி இல்லை" என்றார் இவர்.

"சுண்ணாம்பு எல்லா ஊர்லயும் சுண்ணாம்புதான் மாப்பிள்ளை."

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் அம்மா கும்பகோணத்தில் சித்தாளாக வேலை பார்த்தவர். அப்பா போன பிறகு அந்தக் கூலியில்தான் என்னைப் படிக்க வைத்தார். மொட்டை மாடித் தளத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிக்க வேண்டும். அதன் மேல்தான் தட்டோடு பதிப்பார்கள். என் அம்மாவின் விரல் நுனிகள் சுண்ணாம்பு தின்றவை. என் வீட்டுக்காரருக்கு இது தெரியும். ஆனால் இங்கே கோயிலில் பழகுகிறவர்களிடம் "அம்மா வீட்டில்தான் இருந்தாங்க" என்றே சொல்லி வைத்திருந்தேன்.

அம்மா சொன்ன பிறகுதான் நானும் விசாரிக்கவும் படிக்கவும் ஆரம்பித்தேன். அவர் சொன்னது அத்தனையும் சரி. இந்தக் காலத்து வீடுகளில் இரண்டு சுவர் எழுப்பி நடுவில் இடைவெளி விடுகிறார்கள். எங்கள் வீட்டில் அது கிடையாது. 9 அங்குலச் செங்கல் சுவர், அவ்வளவுதான். மழை பெய்தால் சுவர் கொஞ்சம் ஈரத்தைக் குடிக்கும். செங்கல் இடுக்கில் இருக்கும் சுண்ணாம்பு, வெயிலும் காற்றும் பட்டால் அதை வெளியே விட்டுவிடும். குடிப்பதும் விடுவதும்தான் அந்தச் சுவரின் பிழைப்பு. சிமென்ட் போட்டால் விடுவது நின்றுபோகும். ஆனால் குடிப்பது நிற்காது. சிமென்ட்டில் முடி அளவு விரிசல் விட்டாலும் அது வழியே தண்ணீர் உள்ளே போகும். வெளியே வர வழியில்லாமல் வீட்டுக்குள் வரும்.

அது பாதிதான், மீதி நாங்களே செய்தது. அந்தக் காலத்தில் ரூமுக்கு ரூம் கரி எரியும். புகைபோக்கி வழியே காற்று மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். தரைப் பலகைக்கு அடியிலும் காற்றோட்டம் உண்டு. மண்ணுக்குள் புதைத்தோமே, அந்த ஓட்டைச் செங்கல்கள் அதற்குத்தான்! வெளியே தரை மட்டம், சுவருக்குள் ஈரம் ஏறாமல் வைத்திருக்கும் தடுப்புக்கு 6 அங்குலமாவது கீழே இருக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் அதற்கு மேலேயே போய்விட்டது. எல்லா வழியையும் அடைத்துவிட்டு உள்ளே நாம் என்ன செய்கிறோம்? காலையில் இட்லிக் குண்டான், மத்தியானம் சோறு, சாயங்காலம் ரேடியேட்டர் மேல் பத்து ஈரத் துணி. குளிருது என்று ஜன்னலையும் திறப்பதில்லை. வெள்ளைக்கார வீட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

"கொஞ்சம் கறுப்புதானே, துடைச்சா போச்சு" என்கிற தோழிகளுக்கு ஒன்று. 2020 டிசம்பரில் ராச்டேல் என்ற ஊரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. வாடகை வீட்டுப் பூஞ்சைதான் காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அந்தக் குழந்தையின் பெயரால் 'அவாப் சட்டம்' வந்து, 2025 அக்டோபர் முதல் சமூகக் குடியிருப்புகளில் அமலுக்கு வந்தது. ஓதம், பூஞ்சை என்று புகார் வந்தால் வீட்டை நடத்துகிறவர்கள் கெடுவுக்குள் வந்து பார்க்க வேண்டும், சரிசெய்ய வேண்டும். சொந்த வீட்டுக்காரர்களான நம்மை அப்படிக் கேட்க ஆள் இல்லை. அந்தத் தீர்ப்புச் செய்தியைப் படித்தபோது என் பையனின் இன்ஹேலர் என் கையில் இருந்தது.

மே மாதம், கைக்குழந்தையோடு, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடினேன். அறுபது வயதைத் தாண்டிய ஓர் ஆங்கிலேயர் கிடைத்தார். சிமென்ட்டைக் கொத்தி எடுத்தபோது மூலையில் பழைய பூச்சு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அம்மா அதைக் கையில் எடுத்து உதிர்த்துப் பார்த்து, "என்னடி இது, மயிரா கெடக்கு?" என்றார். நான் கேட்டேன். மாட்டு மயிர், குதிரை மயிர் எல்லாம் அந்தக் காலத்தில் கலப்பார்களாம், பூச்சு வெடிக்காமல் பிடித்துக்கொள்ள. தயிர் மாதிரி ஊறிய சுண்ணாம்பை அவர் வாளியில் காட்ட, அம்மா ஒரு விரலால் தொட்டு, தலையாட்டி, "நல்லா ஊறியிருக்கு. நாங்க கடுக்காய் போடுவோம்னு சொல்லு" என்றார். சொன்னேன். அவர் அம்மாவைப் பார்த்து, "இவங்க இதை எங்கே கத்துக்கிட்டாங்க?" என்று கேட்டார்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு அக்கா வேறு, என் கோயில் சிநேகிதி, வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் முகத்தையே பார்க்கிறார். "முப்பது வருஷம் கட்டட வேலை பார்த்தாங்க" என்று இங்கிலீஷில் சொன்னேன். அப்புறம் அந்த அக்காவுக்காகத் தமிழிலும் சொன்னேன். அவர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிவிட்டு அம்மாவுக்குக் கை கொடுத்தார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டுதான் கொடுத்தார்.

பின் ரூம் முழுக்கச் சுண்ணாம்புப் பூச்சு, அது மூச்சு விடுகிற மாதிரி சுண்ணாம்பு வெள்ளை. கணப்பின் பலகையில் ஒரு கம்பி வலை ஜன்னல். முன்பக்கக் கல்லில் சுவரை ஒட்டி ஓர் அடி அகலத்துக்குப் பெயர்த்து, தோண்டி, கூழாங்கல் போட்டோம். சமையல் அறைக்குப் புகை இழுக்கும் காற்றாடி. அடுத்த இரண்டு குளிர்காலத்திலும் அந்த ரூமில் கறுப்பு வரவில்லை. பையனுக்கு வீசிங் முற்றிலும் நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ராத்திரி எழுவதில்லை. நான் தூங்குகிறேன்.

இன்னும் இரண்டு விஷயம். குழந்தைக்கு ரூம் அலங்காரம் செய்கிறேன் என்று நிறைமாதத்தில் நான் பழைய கதவைச் சுரண்ட உட்கார்ந்தேன். அம்மாவுக்கு இது தெரியாது, ஒரு நர்ஸ்தான் கேட்டுவிட்டுத் திட்டினார். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கும். இந்த நாட்டில் 1992-ல்தான் பொது விற்பனையில் தடை வந்தது. அந்தத் தூசி கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் விஷம். சுரண்டாதீர்கள், தெரிந்தவரை வைத்து ஈரப்படுத்திச் செய்யச் சொல்லுங்கள்.

இரண்டாவது, சுவரை எடுத்து எல்லாவற்றையும் ஒரே ஹாலாக ஆக்குவது. பில்டர் எங்கள் வீட்டிலும் படம் போட்டுக் காட்டினார். நான் பிடிவாதம் பிடித்துக் காப்பாற்றிய ஒரே சுவர் அதுதான். கதவு உள்ள முன் ரூம் இருந்ததால்தான் அம்மா ஆறு மாதம் நிம்மதியாகப் படுத்தார், நானும் கைக்குழந்தையோடு தனியே உட்கார முடிந்தது. மீன் குழம்பு தாளித்தால் மெத்தை வரைக்கும் மணக்கும் ஹால் யாருக்கு வேண்டும்? படம் போடுகிறவர் ஒருநாளாவது அதில் சமைப்பாரா? வீட்டில் பகல் முழுக்க இருக்கிறவளைக் கேட்காமல் போடுகிற பிளானில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒட்டுச் சுவரில் கை வைப்பதென்றால் 1996 சட்டப்படி பக்கத்து வீட்டுக்கு இரண்டு மாதம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும், அதையும் மறக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் இன்னும் மாடி முன் ரூமும் வெளிச்சுவரும் பாக்கி. உறைபனி விழுந்தால் சுண்ணாம்பு பிடிக்காதாம், குளிர்காலத்தில் அந்த வேலை கூடாது. வரும் ஏப்ரல் வரை பொறுக்க வேண்டும். "அதுக்குள்ள வெளியே பெயிண்ட்டாவது அடிச்சிடலாமே, தீபாவளிக்கு ஆளுங்க வருவாங்களே" என்கிறார் என் வீட்டுக்காரர். அம்மாவுக்கு மறுபடி விசா போட்டிருக்கிறோம். ஏப்ரலுக்குத்தான்.

- ஒரு வாசகி, ஈஸ்ட்ஹாம், லண்டன்