ஒரு நாள் பூச்சியா?

சில மாதங்களுக்கு முன் ஒரு பள்ளியில் நடந்த அறிவியல் வினாடி வினாவுக்கு நடுவர்களில் ஒருவனாகப் போயிருந்தேன். "ஒரே ஒரு நாள் மட்டும் உயிர் வாழும் பூச்சி எது?" என்று கேட்டார்கள். "மேப்பூச்சி" என்றாள் ஒரு மாணவி. முழு மதிப்பெண், கைதட்டல். நானும் தட்டினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் மனம் உறுத்தியது. அந்தப் பெண்ணின் மீது தவறில்லை. கேள்வியே தவறு.

மேப்பூச்சி ஆற்றங்கரைகளில் மாலை வேளையில் கூட்டங்கூட்டமாகப் பறக்கும் மெல்லிய பூச்சி. நம் மலை ஓடைகளிலும் இதன் இனங்கள் உண்டு. சிறகு வந்த பிறகு இது எதையும் உண்பதில்லை. வாயுறுப்புகள் பயனற்றுப் போகின்றன. இணை சேர்ந்து, முட்டையிட்டு, ஓரிரு நாளில் மடிகிறது. இவ்வளவும் உண்மையே. ஆனால் சிறகு வருவதற்கு முன் அது எங்கே இருந்தது? ஆற்றின் அடியில்! இங்கிலாந்தின் பெரிய மேப்பூச்சியான எஃபிமெரா டானிக்கா, இளம் பருவத்தில் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் வண்டலில் வளை தோண்டி வாழ்கிறது. அந்த எழுநூறு நாட்களையும் தள்ளிவிட்டு 'ஒரு நாள் பூச்சி' என்கிறோம். ஒருவருடைய கலியாண நாளை மட்டும் பார்த்துவிட்டு, அவர் ஆயுளே ஒரு நாள்தான் என்று எழுதுவது போன்றது இது.

பௌதிகம் நடத்துகிறவனுக்குப் பூச்சியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இதே தவறைச் செய்துவிட்டுப் பல ஆண்டுகள் சண்டை போட்டவர்களின் கதை ஒன்று இருக்கிறது. அதில் பௌதிகமும் இருக்கிறது.

இங்கிலாந்தின் தெற்கே சுண்ணாம்புப் பாறைகளிலிருந்து ஊறி வரும் தெளிந்த ஆறுகளில் டிரவுட் மீன் வாழ்கிறது. அதைப் பிடிப்போரில் பலர் தூண்டிலில் புழுவைக் கோப்பதில்லை. முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றிப் போலிப் பூச்சி ஒன்றைச் செய்து வீசுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெடரிக் ஹால்ஃபோர்டு என்பவர் இதில் பெரிய ஆசானாக விளங்கினார். நீர்ப்பரப்பில் மிதக்கும் சிறகுள்ள பூச்சியின் போலியை வீசுவதே முறையான வழி என்பது அவர் கட்சி. ஸ்க்யூஸ் என்ற வழக்கறிஞருக்கு இதில் ஐயம் எழுந்தது. அவர் பிடித்த மீனின் இரைப்பையிலிருந்து இரையை ஒரு சிறு கரண்டியால் எடுத்து, வெள்ளைத் தட்டில் நீருடன் பரப்பிப் பார்த்தார். சிறகு முளைக்காத நீர்வாழ் இளம்பூச்சிகளே அதில் ஏராளமாக இருந்தன! 1910ல் இதைப் பற்றி நூல் எழுதினார். எதிர்ப்பு எளிதில் அடங்கவில்லை. 1938ல்கூட லண்டனில் தூண்டில்காரர் சங்கம் ஒன்றில் இதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. ஸ்க்யூஸுக்கு அப்போது ஏறத்தாழ எண்பது வயது.

நீருக்கடியில் இருக்கும் மீனின் கண்ணாக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். நீருக்கும் காற்றுக்கும் மாறுநிலைக் கோணம் சுமார் 48.6 டிகிரி. ஆகவே தலைக்கு மேலே 97 டிகிரி விரிந்த கூம்பு வடிவச் சன்னலின் வழியாக மட்டுமே வெளியுலகம் தெரியும். அதற்கு அப்பால் நீர்ப்பரப்பு முழு அக எதிரொளிப்பினால் கண்ணாடி ஆகிவிடுகிறது. ஆற்றின் அடித்தளமே அதில் தெரியும். சன்னலுக்கு வெளியே மிதக்கும் பூச்சியின் சிறகு மீனுக்குத் தெரியாது. கால்கள் நீரை அழுத்தும் பள்ளங்கள் மட்டும் சிறு ஒளிப்புள்ளிகளாகத் தெரியலாம். நீருக்குள் மேலெழும் இளம்பூச்சியோ நேராகவே தெரிகிறது. மேற்பரப்பைப் பார்த்துக் கரையில் நின்ற மனிதர்களுக்கு எது எளிதில் தெரிந்ததோ அது மீனுக்கு எளிதில் தெரிவதில்லை.

பிறகு வந்தவர் பிராங்க் சாயர். ஆறு ஒன்றைக் காவல் காக்கும் பணி அவருடையது. நீந்தும்போது இளம்பூச்சி கால்களை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்வதை அவர் கவனித்தார். எனவே தம் போலிப் பூச்சிக்குக் கால்களே வைக்கவில்லை. நூலுக்குப் பதில் மெல்லிய செப்புக் கம்பியால் ஃபெசண்ட் பறவையின் வாலிறகைச் சுற்றினார். செம்பின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. போலிப் பூச்சி உடனே மூழ்கியது. எனக்கு மிகவும் பிடித்த பௌதிகச் செய்முறைகளில் இது ஒன்று.

விளையாட்டுக்காகக் கற்ற இந்தப் பூச்சியறிவு பின்னால் ஓர் ஆற்றுக்கே உதவியது. பிரிட்டனில் தூண்டில்காரர்களும் பிற தொண்டர்களும் மாதம் ஒரு முறை ஆற்றில் இறங்குகிறார்கள். அடித்தளத்தைக் காலால் மூன்று நிமிடம் கலக்கி, வலையில் விழுவதை வெள்ளைத் தட்டில் கொட்டி, எட்டு வகை உயிரிகளை எண்ணுகிறார்கள். மேப்பூச்சி வகைகள், கல் ஈ, மணலால் கூடு கட்டும் காடிஸ் புழு, நன்னீர் இறால் ஆகியவை அவற்றில் சேரும். 2013 ஜூலையில் கென்னட் ஆற்றில் இவை ஒட்டுமொத்தமாக மடிந்திருப்பதைத் தொண்டர்கள் கண்டு எச்சரித்தார்கள். குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லி ஆற்றில் கலந்திருந்தது. ஏறத்தாழ 15 கிலோமீட்டருக்குச் சேதம். மீன்கள் உயிரோடுதான் இருந்தன, நீரும் தெளிவாகவே ஓடியது. கரையில் நின்று பார்த்தவருக்கு ஒன்றும் தெரிந்திராது. மீன்களின் சாப்பாடு மட்டும் போய்விட்டிருந்தது.

நம் பள்ளிகளில் நீர்ச்சோதனை என்றால் அமிலத் தாளை நனைத்து நிறம் பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது. அத்தாள் அந்த நொடியின் நீரைப் பற்றித்தான் சொல்லும். நேற்றிரவு யாரோ கொட்டிய நஞ்சு இன்று ஓடிப் போயிருந்தால் தாளுக்கு என்ன தெரியும்? மாதக்கணக்கில் அங்கேயே கிடந்த பூச்சிக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்தில் அமிலத் தாளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தட்டும் ஒரு கைலென்சும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பாட்டில் பாட்டிலாக இரசாயனம் வாங்குவதைவிடச் செலவும் குறைவு.

நீலகிரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டிரவுட் மீனை அங்கே ஓடைகளில் விட்டார்கள். அவலாஞ்சியில் பொரிப்பகமும் அமைத்தார்கள். மலைமேல் மட்டும் அது பிழைத்ததற்குக் காரணம் குளிர்ச்சி. 10 டிகிரி வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் ஏழரைதான்.

ஆழமில்லாத ஓடையில், பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, உள்ளங்கை அளவுக் கல் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். வயிற்றின் இரு பக்கமும் செதில் போன்ற செவுள்கள், பின்னால் பெரும்பாலும் மூன்று வால்கள். அதுதான் மேப்பூச்சியின் பிள்ளை. இரண்டே வால் இருந்து, வயிற்றின் ஓரத்தில் செவுள் இல்லையென்றால் கல் ஈயாக இருக்கலாம். பார்த்து முடித்ததும் கல்லை முன்பு இருந்தபடியே வையுங்கள். அடிப்பக்கத்தில்தான் அவை குடியிருக்கின்றன.

அந்தப் பள்ளிக்கு ஒரு கார்டு எழுதிவிட்டேன். மாணவியின் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம், அடுத்த ஆண்டு கேள்வியைத் திருத்திக்கொள்ளுங்கள் என்று.