மூளைக்கு ஆக்சிஜன் போகட்டுமாம்!

"நல்லா இழுங்க... இன்னும் ஆழமா... மூளைக்கு ஆக்சிஜன் போகட்டும்!"

எங்கள் பூங்காவில் காலை ஆறரைக்கு இந்தக் குரல் கேட்காத நாளில்லை. போன வாரம் வரிசையில் நின்ற ஓர் அம்மாள் இருபதாவது இழுப்பில் தள்ளாடி, சிமென்ட் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தலை சுற்றுகிறது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது என்றார். "உள்ளே இருக்கிற நச்சு வெளியேறுதும்மா, நல்லதுதான்" என்றார் பயிற்சியாளர். எனக்குப் பொறுக்கவில்லை.

வெளியேறியது நச்சல்ல, கார்பன் டை ஆக்சைடு. அது அளவுக்கு மீறி வெளியேறினால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். ரத்தமும் தான் சுமந்து வந்த ஆக்சிஜனை எளிதில் இறக்கி வைக்காது. இந்த இரண்டாவது உண்மையை டென்மார்க்கின் உடலியலாளர் கிறிஸ்டியன் போர் 1904இலேயே காட்டிவிட்டார். மூளைக்கு ஆக்சிஜன் அனுப்பக் கிளம்பியவர், மூளைக்குப் போகிற ரத்தத்தையே குறைத்துவிட்டார்.

நம்பாதவர்கள் கொரோனா காலத்தில் வாங்கி, டிராயரில் பேட்டரி செத்துக் கிடக்கும் ஆக்சிமீட்டரை எடுங்கள். புது செல் போட்டு விரலில் மாட்டுங்கள். நோய் நொடி இல்லாதவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே 97, 98 காட்டும். மார்பு விரிய இழுத்துப் பாருங்கள்; மிஞ்சிப்போனால் 99. நிறைந்த குடத்தில் எத்தனை செம்பு ஊற்றினாலும் தரைதான் நனையும். உள்ளே போகும் காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன் என்றால், வெளியே விடும் காற்றிலேயே சுமார் 16 விழுக்காடு மிச்சமிருக்கிறது. தட்டுப்பாடே இல்லாத சரக்குக்கு எதற்கு ரேஷன் வரிசை?

அப்படியானால் மூச்சால் மனம் அடங்குவது பொய்யா? இல்லை. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விடுங்கள். உள்ளே வாங்கும்போது துடிப்பு சற்று விரையும், வெளியே விடும்போது தளரும். தளர வைப்பது வேகஸ் நரம்பு. வேலை விடுவதில் நடக்கிறது, இழுப்பதில் அல்ல. நம் மொழிக்கும் இது தெரியும். நாம் மூச்சு 'விடுகிறோம்'. 'இழுப்பு' நமக்கு ஆஸ்துமாவின் பெயர். 'இழுத்துக்கிட்டு கிடக்கு' என்றால் வீட்டில் ஆள் சேர ஆரம்பித்துவிடும். உள்ளே வாங்கும் பூரகத்துக்கு 16 மாத்திரை என்றால் வெளியே விடும் இரேசகத்துக்கு 32 என்று இரட்டிப்பாகக் கணக்கு வைத்தார் திருமூலர்.

மெதுவாக மூச்சு விடுவதற்கும் சான்று உண்டு. 2001இல் இத்தாலிய ஆய்வாளர் பெர்னார்டியின் குழு 23 பேரை ஜெபமாலையும் யோக மந்திரமும் சொல்ல வைத்தது. இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஆறு அளவுக்கு இறங்கியது. ரத்த அழுத்தத்தின் இயல்பான அலையோடு அது ஒத்துப்போனது.

இதைப் படித்துவிட்டு 'ஆறு, ஆறு' என்று எல்லோரிடமும் ஓதிக்கொண்டிருந்தவன் நான். என் வாயையும் ஓர் ஆய்வு அடைத்தது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மூச்சுப் பயிற்சியை ஆராய்ந்த முனைவர் பட்ட மாணவர் ஒருவர், தன் பேராசிரியர்களோடு 2023இல் வெளியிட்டது. 400 பேர், நான்கு வாரம், நாளுக்குப் பத்து நிமிடம். ஒரு சாராருக்கு நிமிடத்துக்கு ஐந்தரை மூச்சு. மற்றவர்களுக்கு, ஒப்பிட்டுப் பார்க்க, சாதாரணமான 12. இரு சாராருக்குமே மன அழுத்தம் குறைந்தது. இரண்டுக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை! பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்ததே போதுமானதாக இருந்ததோ என்னவோ. எண்ணிக்கைக்குச் சந்தா வாங்கும் செயலிக்காரர்கள் இதை விளம்பரத்தில் போடமாட்டார்கள்.

எனக்குக் கோபமெல்லாம் பதற்றத்தில் இருப்பவரிடம் 'ஆழமா இழு' என்பவர்கள் மீதுதான். பதறுகிறவர் ஏற்கெனவே தேவைக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கிறார். நெஞ்சு அடைப்பதும் கை மரப்பதும் பாதி அதனால்தான். நாம் அதையே இன்னும் கொஞ்சம் செய்யச் சொல்கிறோம்.

அந்த அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்துக் குழாயடியில் தண்ணீர் குடிக்க வந்த காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தே நிமிடத்தில் தலைசுற்றல் போய்விட்டது. "மறுபடி வரிசைக்கு வாங்கம்மா, பாதியில விடக்கூடாது" என்று கூப்பிட்டார் பயிற்சியாளர்.