தழும்பும் எஃகுக் கருவியும்

டில்லியின் தென்மேற்கில் துவாரகா என்னும் துணைநகரம் உள்ளது. அதன் 11-ஆம் செக்டாரில் அமைந்துள்ள விளையாட்டு வளாகத்திற்குக் காலையிலும் மாலையிலும் இளைஞரும் முதியோரும் திரளாக வருகின்றனர். ஓடுவோரும் பந்தாடுவோரும் உள்ள இடத்தில் சுளுக்கும் நாண் வலியும் இருப்பது இயல்பே. ஆகவே இயன்முறை மருத்துவ நிலையங்களும் அப்பகுதியில் பெருகியுள்ளன. அவற்றுட் சிலவற்றில், வளைந்த விளிம்புடைய எஃகுக் கருவியால் தோலின்மேல் அழுத்தி வழிக்கும் சிகிச்சை அளிக்கப்படுகிறது. உள்ளே இறுகிக் கிடக்கும் பழைய தழும்பை இது உடைத்து விடுகிறது என்பது வழக்கமாகக் கூறப்படும் விளக்கம். எனது ஆட்சேபம் சிகிச்சையைப் பற்றியதன்று. இந்த விளக்கத்தைப் பற்றியதே.

வழித்தல் புதிய முறையன்று. சீனத்திலும் வியட்நாமிலும் நாணயம், கொம்பு முதலியவற்றால் உடம்பை வழிப்பது நெடுநாளைய வழக்கம். நம் ஊர்களில் விளக்கெண்ணெய் தடவிச் சுளுக்கு வழிப்போரை அறியாதார் யார்? இங்கிலாந்தில் சிரியாக்ஸ் என்னும் மருத்துவர் நாண்களைக் குறுக்காக விரலால் தேய்க்கும் முறையைப் பரப்பினார். சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், முழங்காலில் காயமுற்ற கிராஸ்டன் என்னும் அமெரிக்கர் விரலுக்குப் பதிலாக எஃகுக் கருவிகளை அமைத்தார். இன்று பல பெயர்களில் விற்கப்படும் கருவிகள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவையே.

இனி, தழும்பு எவ்வாறு உண்டாகிறது என்பதைச் சற்றுக் கவனிப்போம். காயம்பட்ட இடத்தில் முதலில் வீக்கமும், பின்னர் கொலாஜன் என்னும் புரத நார்களின் பின்னலும் தோன்றுகின்றன. அவசரமாகப் பின்னப்பட்ட இந்நார்கள் ஒழுங்கின்றிக் கிடக்கும். மூன்று வாரம் சென்ற தோற்காயத்திற்கு, காயமற்ற தோலின் வலிமையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதன்பின் பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டிற்கு மேலும், பழைய நார்கள் கரைந்து புதிய நார்கள் அமைகின்றன. முடிவில் ஐந்தில் நான்கு பங்கு வலிமை கிடைத்தால் அதுவே பெரிது. இப்புது நார்கள் எத்திசையில் அமைய வேண்டுமென்பதை அவ்விடத்தில் விழும் இழுவிசை பெரிதும் தீர்மானிக்கிறது. தழும்பு உயிருள்ள திசு. அது துருவன்று, சுரண்டி எடுப்பதற்கு.

ஆராய்ச்சிகள் கூறுவது யாது? 2009-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எலிகளின் இரு முழங்கால்களிலும் நார்க்கட்டு காயப்படுத்தப்பட்டது. ஒரு காலுக்கு மட்டும் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு நிமிடம், கருவியால் தேய்த்தனர். நான்கு வாரத்தில் தேய்த்த பக்கம் 43 சதவீதம் அதிக வலிமை பெற்றிருந்தது. விளம்பரங்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் நின்றுவிடும். அதே ஆய்வில் பன்னிரண்டு வாரத்திற்குப் பின் இரு கால்களுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. குணமாதல் சற்று விரைந்தது. முடிவு ஏறத்தாழ ஒன்றே. 2008-இல் வெளியான மற்றொரு கணக்கீடு, தொடையின் புறத்தேயுள்ள தடித்த திசுப்படலத்தைக் கையழுத்தத்தால் ஒரு சதவீதம் உருமாற்றுவதற்குக்கூட, மனிதக் கை செலுத்த இயலாத பெருவிசை வேண்டுமெனக் காட்டிற்று. மனிதரிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த 2019-ஆம் ஆண்டின் மதிப்பீடு, வலிக்கும் இயக்கத்திற்கும் இச்சிகிச்சை பயனளிக்கிறதென உறுதிகூறச் சான்று போதாது என்றே முடித்தது.

அப்படியாயின் வழித்தபின் மூட்டு இலகுவாவதாகப் பலர் கூறுவது பொய்யா? அன்று. தோலிலும் தசையிலும் உள்ள நரம்புகள் அத்தொடுகையால் தூண்டப்பட்டு, வலியுணர்வு சிறிது நேரம் தணியக்கூடும். அந்நேரத்தில் தக்க பயிற்சி செய்தால் நன்மையுண்டு. மேசையிலிருந்து இறங்கி வீட்டிற்குச் சென்றுவிட்டால் அதனால் பெறுவது யாதுமில்லை. தழும்பு உடைக்கப்பட்டது என்று நம்பியவரோ பயிற்சி எதற்கு என்று கேட்பார். நாட்கூலி பெறும் தொழிலாளி ஒவ்வொரு தடவையும் பணம் கட்டி வழித்துக்கொண்டு, கட்டணமில்லாத பயிற்சியைக் கைவிடுகிறார். தவறான விளக்கம் விளைக்கும் தீங்கு இதுவே.

இவ்விஷயத்தில் வேலூர் நமக்கு நல்ல ஆசானாக விளங்கக்கூடும். 1946-இல் அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், லண்டனில் பணியாற்றியபோது, பிறவியிலேயே வளைந்த பாதங்களைப் பலமான விசையால் திருத்தும் முறையைக் கண்டவர். அவ்வாறு திருத்தப்பட்ட பாதங்கள் பிற்காலத்தில் தழும்பேறி விறைத்திருந்தமையையும் அவர் கண்டார். வேலூரில் அவர் வேறு வழியை மேற்கொண்டார். குழந்தையைத் தாயின் மடியில் பால் அருந்தவிட்டு, பாதத்தை மெல்ல வளைத்தார். குழந்தை பாலை மறந்து அவரைத் திரும்பிப் பார்த்தால் வலியின் எல்லை எட்டிற்று என்று பொருள். அவ்வெல்லைக்குச் சற்று முன்னரே நிறுத்தி மாவுக்கட்டுப் போட்டு, சில நாட்களுக்குப் பின் கட்டை மாற்றிச் சிறிது மேலும் நேராக்கினார். தொழுநோயால் மடங்கி இறுகிய விரல்களுக்கும் இம்முறையே கையாளப்பட்டது. திசுவைக் கிழித்தால் மீண்டும் வீக்கமும் புதிய தழும்புமே மிஞ்சும். இடைவிடாது மெல்ல இழுத்தால் திசு தானே வளர்ந்து நீளும். விரைவில் பலன் வேண்டுவோர்க்கு இது சலிப்பூட்டலாம்; ஆயினும் உடம்பு தன் வேகத்தில்தான் செல்கிறது.

தொழுநோயாளரின் கை மற்றொரு எச்சரிக்கையும் தருகிறது. உணர்வற்ற உறுப்பில் வலி தடுத்து நிறுத்தாது. நெடுநாளைய நீரிழிவால் பாதங்களில் உணர்ச்சி குன்றியவர்களுக்கும் இது பொருந்தும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர், ஆறாத புண் உள்ளோர், காயத்தின் எல்லையைத் தாண்டிப் புடைத்து வளரும் தழும்புடையோர் ஆகியோரை மருத்துவர் ஆலோசனையின்றிக் கருவியின்கீழ் படுக்க விடலாகாது. வழித்தபின் தோன்றும் செங்கோடுகள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிதைந்ததன் அடையாளம். அவை அதிகமானால் பலன் அதிகமென்பது வெறும் நம்பிக்கை.

இயன்முறை மருத்துவம் உள்ளிட்ட துறைகளை ஒழுங்குபடுத்த 2021-இல் மத்திய சட்டம் இயற்றப்பட்டது. தகுதியை அது வரையறுக்கலாம். மேசையருகே பேசப்படும் சொல்லை வரையறுக்க இயலாது. அதனைக் கல்லூரியிலேயே திருத்துதல் வேண்டும். துவாரகாவில் தலைமையகம் கொண்ட குரு கோவிந்த் சிங் இந்திரப்பிரஸ்தப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு நிறுவனங்களில் இத்துறை கற்பிக்கப்படுகிறது. அங்குள்ள மாணவர் ஒரு சோதனை நடத்தலாகாதா? இரு குழுவினருக்கும் ஒரே பயிற்சி. ஒரு குழுவிற்கு உண்மையான வழித்தல், மற்றதற்கு அழுத்தமின்றிக் கருவியைத் தோலில் படரவிடுதல். அளப்பவருக்கு எவர் எக்குழு என்பது தெரியாதிருத்தல். பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

கிராமங்களில் பணிபுரியும் நம் ஊழியர்களும் ஆசிரியர்களும் எஃகுக் கருவியைக் காண்பது அரிது. தீக்காயம் பட்ட குழந்தையைக் காண்பது அரிதன்று. முழங்கையின் உட்புறம் சுட்டுப் புண்ணாகி ஆறிவரும் பிள்ளை, வலி குறையுமென்று கையை மடக்கியே வைத்திருக்கும். அந்த மடக்கமே சில வாரங்களில் நிலைத்துவிடும். அத்தகைய பிள்ளை பள்ளிக்குத் திரும்பினால், மருத்துவமனையில் கொடுத்த பட்டையை இரவில் கட்டுகின்றனரா என்று பெற்றோரிடம் விசாரியுங்கள். வகுப்பில் கேள்வி கேட்கும்போது அந்தக் கையையே உயர்த்தச் சொல்லுங்கள். சென்ற வாரத்தைவிட முழங்கை குறைவாக நீண்டால், அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.