ஸ்போர்ட்டி கார் வாங்கப் போறீங்களா? ஏற்காடு மலைப்பாதை சொல்லும் பாடம்!

ஸ்போர்ட்டியான கார் வாங்க ஷோரூமுக்குப் போகும் இளைஞர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை பிஎஸ் பவர்?’ என்பதுதான். கூட வரும் அப்பா மைலேஜ் கேட்பார். அம்மாவோ, ‘பின்சீட்ல உட்கார்ந்தா தூக்கித் தூக்கிப் போடாதே?’ என்பார். மலைப்பாதையில் வைத்துப் பார்த்தால், மூன்றில் அம்மாவின் கேள்விக்குத்தான் முதல் மார்க்!

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். சேர்வராயன் மலையில் ஏறும் அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். காரின் அதிகபட்ச வேகம் இங்கே எதற்கும் உதவாது. கார் நிஜமாகவே ஸ்போர்ட்டியா, ஸ்டிக்கரில் மட்டும் ஸ்போர்ட்டியா என்பதை இந்த வளைவுகள் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்ஜின்: பவரை மட்டும் பார்க்காதீங்க!

விளம்பரத்தில் போடும் பிஎஸ் கணக்கு, இன்ஜின் முழு மூச்சில் சுற்றும்போது கிடைப்பது. வளைவில் திரும்பி வெளியே வரும் காரோ இரண்டாவது கியரில், 1,500 - 2,000 ஆர்பிஎம்மில்தான் இருக்கும். அந்த நேரத்தில் காரை மேலே இழுப்பது டார்க் எனும் இழுவிசை.

ஸ்ரீபெரும்புதூர் அருகே தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைன் காரில் இருப்பது 1 லிட்டர் டர்போ இன்ஜின். பவர் 120 பிஎஸ். இதன் 172 நியூட்டன் மீட்டர் டார்க், 1,500 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடும். 2024-ல் வந்த மாருதி ஸ்விஃப்ட்டில் இருப்பது டர்போ இல்லாத 1.2 லிட்டர் இன்ஜின். பவர் 82 பிஎஸ். இதன் உச்ச டார்க் சுமார் 112 நியூட்டன் மீட்டர். அதுவும் 4,300 ஆர்பிஎம்மில்தான். அதனால், ஏற்றத்தில் கியரைக் குறைத்து, இன்ஜினை விரட்டித்தான் ஓட்ட வேண்டும்.

உயரமும் ஒரு காரணம். ஏற்காடு இருப்பது சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 14 சதவிகிதம் குறைவு. டர்போ இல்லாத இன்ஜினின் பலமும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். டர்போ, காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவதால் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். ஆனால், ஆர்பிஎம் ரொம்பவும் இறங்கிவிட்டால் டர்போ காரும் சில நொடி திணறும். இதுதான் ‘டர்போ லேக்’. டெஸ்ட் டிரைவில் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

எடை: குறைந்தால் கொண்டாட்டம்!

அப்படியானால் ஸ்விஃப்ட் வேண்டாமா? அவசரப்பட வேண்டாம். அதன் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. எடை குறைந்த கார் சட்டெனத் திரும்பும், சட்டென நிற்கும். கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 காரின் 796 சிசி இன்ஜினை எடை குறைந்த ரேஸ் காரில் பொருத்தி ‘ஃபார்முலா மாருதி’யை உருவாக்கினார். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், தொடக்கத்தில் ஓட்டிப் பழகியது அந்தக் குட்டி இன்ஜின் ரேஸ் காரைத்தான்.

சஸ்பென்ஷன்: இறுக்கமா, இதமா?

சஸ்பென்ஷன் இறுக்கமாக இருந்தால், வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாய்வது குறையும். பின்சீட்டில் இருப்பவர்களுக்குக் குமட்டலும் குறையலாம். ஆனால், அதே இறுக்கம் எஸ்டேட் சாலைகளின் குழிகளில் முதுகைப் பதம் பார்க்கும். மென்மையான சஸ்பென்ஷன் குழியை விழுங்கும், வளைவில் ஆட்டும். உங்கள் பயணத்தில் வளைவு அதிகமா, குழி அதிகமா என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள். தாத்தா, பாட்டி அடிக்கடி வருவார்கள் என்றால், அவர்களைப் பின்சீட்டில் உட்காரவைத்தே ஓட்டிப் பாருங்கள்.

ஹேண்ட்லிங்: 10 கிலோமீட்டர் வேகம் செய்யும் வேலை

ஸ்டீயரிங் திருப்பிய அளவுக்கு, திருப்பிய நேரத்தில் கார் திரும்ப வேண்டும். அதுதான் நல்ல ஹேண்ட்லிங். வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார், 30-ல் போனால் அதை வெளிப்பக்கம் தள்ளும் விசை இரண்டேகால் மடங்காகிவிடும். முன்சக்கரங்களில் இயங்கும் கார்கள், வேகம் மிஞ்சினால் வளைவைவிட்டு வெளியே நழுவும். இடது வளைவில் நழுவினால் எதிரே வரும் பேருந்தின் பக்கம். வலது வளைவில் நழுவினால் சாலையின் வெளி விளிம்புக்கு. இதில் டயரின் பங்கும் பெரிது. தேய்ந்த டயரோடு எந்த ஸ்போர்ட்டி காரும் ஸ்போர்ட்டி இல்லை.

பிரேக்: இறங்கும்போதுதான் பரீட்சை

நான்கு பேரோடு 1,400 கிலோ எடையுள்ள கார், 1,100 மீட்டர் கீழே இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அப்போது வெளிப்படும் சக்தி, 1,000 வாட் அயர்ன் பாக்ஸை நான்கு மணி நேரம் ஓடவிடுவதற்குச் சமம். முழுவதையும் பிரேக் தலையில் கட்டினால், அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கினால், பாதி வேலையை இன்ஜினே செய்துவிடும். நியூட்ரலில் இறங்குவது பெட்ரோல் சேமிப்பு அல்ல, ஆபத்து. 2024 ஏப்ரல் 30-ம் தேதி இதே மலைப்பாதையில் தனியார் பேருந்து கவிழ்ந்து பயணிகள் உயிரிழந்ததை சேலம் மறந்திருக்காது. வளைவில் தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ள இடமே கிடையாது.

டெஸ்ட் டிரைவில் மறக்காதீங்க!

* வீட்டு ஆட்கள் நான்கு பேரோடு, ஏசி போட்டு ஓட்டுங்கள். மலைப்பாதை கிடைக்காவிட்டால் செங்குத்தான மேம்பாலம் போதும்.

* இரண்டாவது கியரில் மெதுவாக ஏறும்போது திணறுகிறதா என்று பாருங்கள்.

* ஆட்டோமேட்டிக் என்றால், ஏற்றத்தில் நின்று நின்று கிளம்பிப் பாருங்கள். ‘ட்ரை கிளட்ச்’ வகை கியர்பாக்ஸ்கள், கோடை விழா நெரிசல் போன்ற நேரங்களில் சூடாகலாம்.

* ஒரே மாடலில் பின்பக்கமும் டிஸ்க் பிரேக் உள்ள வேரியன்ட் இருந்தால், சன்ரூஃபுக்குக் கொடுக்கும் பணத்தை அதற்குக் கொடுங்கள்.

* காரை வாங்கிய பிறகு ஒரு விதி: மலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்குபவர் நின்று வழிவிட வேண்டும். எத்தனை பிஎஸ் காராக இருந்தாலும்!