பிழையை அழித்தலும் பிழையைத் திருத்தலும்

"இனிப் படவரைஞன் பிழைக்கு அஞ்ச வேண்டியதில்லை, ஒரு விசையைத் தட்டினாற் பிழை மறைந்துவிடும்." கணினிவழி வரைவைப் புகழ்வோர் பலரிடம் நாம் கேட்கும் கூற்று இது. இதிற் பாதி உண்மை, மறுபாதி ஆபத்து. அந்த மறுபாதியை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைப்பீட மாணவனுக்கு இவ்விடயத்தில் என்ன வேலை எனப் பொறியியற்பீட நண்பர் வினவக்கூடும். பிழையும் திருத்தமும் எந்தப் பீடத்தினதும் தனியுரிமையல்ல. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சேற்றியது, சிதைந்தும் பிழைபட்டும் கிடந்த ஏடுகளை ஒப்புநோக்கியேயாகும். பிழைபட்ட ஏடும் எஞ்சியிருந்தமையாலேயே பாடத்தை உய்த்தறிய வழி பிறந்தது. பிழையின் சுவடும் அறிவுக்கு ஆதாரம் என்பதைத் தமிழ் பயில்வோர் நன்கறிவர்.

முதலில், 'அண்டூ' எனப்படும் செயல்நீக்கக் கட்டளை யாது செய்கின்றது எனத் தெளிதல் வேண்டும். 1982இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய ஓட்டோகாட் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். வரைபவரின் செயல்களை அது வரிசையாக நினைவிற் கொள்கின்றது. கட்டளையிட்டதும் இறுதிச் செயலை முதலிலும், அதற்கு முந்தியதை அடுத்தும் நீக்குகின்றது. அடுக்கிய தட்டுகளை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பது போன்றது இது. காலையிற் பிழையான இடத்தில் வரைந்த சுவரை மாலையிற் கண்டுகொண்டவர் இக்கட்டளையை நாடினால், அச்சுவரை அடையுமுன், இடையிற் சரியாக வரைந்த கதவும் சாளரமும் அழிந்துபோகும். பின்சென்ற இடத்தில் நின்று புதிதாக ஒரு கோடு வரைந்தாலோ, நீக்கியவற்றை மீட்கும் வழியும் அடைபடும். கோப்பை மூடினால் அச்செயல்வரிசையே இல்லாதொழியும். அச்சிட்டுக் கொடுத்த படத்தையோ இக்கட்டளை தீண்டவும் முடியாது.

இதிலிருந்து பெறப்படும் முடிபு யாது? 'அண்டூ' கைதவறுதலுக்கு மருந்து. கருத்துத் தவற்றுக்கு மருந்தன்று. கோடு சற்று விலகியதை அது நீக்கும். ஏன் விலகியது என்பதை அது அறியாது, நம்மையும் அறியவிடாது.

கணினியால் இதற்குமேல் இயலாது எனக் கொள்ளற்க. 1963இல் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் இவான் சதர்லாந்து உருவாக்கிய ஸ்கெச்பாட், கோடுகளை மட்டுமன்றி அவற்றிடையேயான உறவுகளையும் பதிந்துகொண்டது. மூலவுருவிற் செய்த மாற்றம் அதன் பிரதிகள் அனைத்திலும் தோன்றியது. 1988இல் வந்த புரோ எஞ்சினியர், உருவம் கட்டப்பட்ட படிமுறையைப் பட்டியலாக வரைபவர் கண்முன் நிறுத்தியது. மூன்றாம் படியில் நேர்ந்த தவற்றை முப்பதாம் படியில் நின்று திருத்தலாம். இடைப்பட்டவை அழியாது மீளக் கணிக்கப்படும். ஆயின், அடிப்படையான ஒரு விளிம்பை நீக்கினால் அதனைச் சார்ந்தவை குலைந்துபோகும். எது எதனைச் சார்ந்துள்ளது என்பதை விளங்கிக்கொண்டவரே அங்கு திருத்த வல்லவர். திருத்தம் என்பது விளக்கத்தின் பயன், விசையின் பயனன்று.

பயிற்சி வகுப்புகளில் நடப்பதோ வேறு. சென்ற விடுமுறையில் யான் பயின்ற வகுப்பொன்றில் 'அண்டூ' முதல் நாளே கற்பிக்கப்பட்டது. படத்தின் திருத்த அட்டவணை இறுதி நாள்வரை கற்பிக்கப்படவில்லை. வீட்டுப் படமொன்றில் மாடிப்படியின் உயரத்தைப் பிழையாகக் கணித்திருந்தேன். அதனைக் கண்டதும் வரைந்தவற்றை நீக்கிவிட்டு, அருகிலிருந்தவரின் படத்தைப் பார்த்து வரைந்தேன். நல்ல புள்ளி கிடைத்தது. எங்கே தவறினேன் என்பதை இன்றும் அறியேன். படத்திலும் அதன் சுவடு இல்லை. இது என் குற்றமே. ஆயின் அக்குற்றத்துக்குப் புள்ளி வழங்கிய முறைமையும் குற்றமுடையதே.

ஒரு மாணவனின் படிக்கட்டு சிறு விடயம் எனலாம். பெரியதொன்றை நோக்குக. எயார்பஸ் நிறுவனத்தின் ஏ380 விமானத்தில் ஏறக்குறைய 530 கிலோமீற்றர் நீளமான மின்கம்பிகள் உள்ளன. ஜேர்மனியின் ஹம்பேர்க்கில் தயாரான கம்பித்தொகுதிகள் பிரான்சின் துலூஸ் நகரில் விமானத்துட் பொருந்தவில்லை. ஒரு சாரார் கற்றியா மென்பொருளின் நான்காம் பதிப்பையும், மற்றொரு சாரார் ஐந்தாம் பதிப்பையும் கையாண்டமை இதற்கு முக்கிய காரணமாயிற்று. 2006இல் அறிவிக்கப்பட்ட தாமதம் ஏறக்குறைய ஈராண்டாக நீண்டது. 2010 வரையிலான இலாபத்தில் 480 கோடி யூரோ குறையுமென நிறுவனமே கணித்தது. வடிவமைத்தோர் அனைவரின் கணினியிலும் 'அண்டூ' இருந்தது. ஒருவர் தம் திரையிற் சரியெனக் கண்டது மற்றவரின் வேலையோடு பொருந்துமா என்னும் வினாவுக்கு அதனிடம் விடை இருக்கவில்லை.

இனி, மறுபுறத்தாரும் உளர். ட்ரேசிங் தாளில் மையால் வரைந்து, சவர அலகாற் சுரண்டித் திருத்திய காலமே பொற்காலம் என்பர் அவர். இதனையும் ஏற்பதற்கில்லை. பிழைக்கு அஞ்சி நடுங்கும் கை புதியதை முயலாது. அந்த அச்சத்தைப் போக்கியமை 'அண்டூ'வின் பெருங்கொடை. தயக்கமின்றிப் பத்து வழிகளை முயன்றுபார்க்கும் சுதந்திரத்தைப் பறிக்க எவரும் கோரலாகாது. பழைய முறையிலிருந்து நாம் காக்கவேண்டியது அச்சத்தையன்று. படத்தின் ஓரத்தில் எது, எத்திகதியில், யாரால் மாற்றப்பட்டது எனப் பதிந்த நேர்மையையேயாகும்.

ஆகவே நாம் கோருவன மூன்று. மாணவர் சமர்ப்பிக்கும் ஒவ்வொரு படத்துடனும் திருத்த அட்டவணை இணைக்கப்படல் வேண்டும். தன் பிழையைக் கண்டு காரணம் கூறும் மாணவனுக்கு, பிழையற்ற படத்தைப் பிரதிசெய்தவனிலும் கூடிய புள்ளி வழங்கப்படல் வேண்டும். ஆசிரியரும் தம் படத்தில் நேர்ந்த தவற்றை மாணவர் முன்னிலையில் திருத்திக்காட்டல் வேண்டும். இவற்றுக்குப் புதிய கணினி எதுவும் வேண்டியதில்லை. பிழையை அவமானமாகக் கருதாத மனம் ஒன்றே வேண்டும்.

திரையில் அழிந்த பிழை வரைந்தவன் சிந்தையில் எஞ்சியிருக்குமாயின், நாளை அது சுவராக எழும், படிக்கட்டாக நிற்கும். அங்கு தட்டுவதற்கு விசை எதுவும் இராது.