போனுக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸ்



மதுரையில் மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து காரைக்குடிக்கு வீடு திரும்புகிறார் ஓர் ஆச்சி என்று வைத்துக்கொள்வோம். விலாவில் நீரை வடிக்கும் ஒரு டிரெயின் குழாய், அதன் நுனியில் சின்ன பாட்டில். சேரும் நீரைத் தினமும் அளந்து நோட்டில் எழுத வேண்டும். பொதுவாக, நாளுக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கி இரண்டு நாள் அப்படியே இருந்தால்தான் குழாயை எடுப்பார்கள்.

நேற்று 40 மில்லி, இன்று 70. பயப்பட வேண்டுமா? மகன் சிங்கப்பூரில். கூட இருக்கும் ஆண்களிடம் காட்டக் கூச்சம். இதைக் கேட்க மட்டும் மறுபடி மதுரைக்கு பஸ் ஏற முடியுமா? ‘அடுத்த செக்கப்பில் கேட்டுக்கலாம்’ என்று தள்ளிப்போடுவதுதானே நம் வழக்கம்?

இங்கேதான் போனில் பேசும் நர்ஸ் கைகொடுப்பார். “என்ன நிறம் ஆச்சி, ரத்தச் சிவப்பா, வெளிர் மஞ்சளா? நேத்து கையை ரொம்ப அசைச்சீங்களா?” என்று விசாரிப்பார். வீடியோ காலில் தையலைப் பார்ப்பார். பயந்துபோய்க் கையை மடக்கியே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். அதனால் தலை வாரவும், சுவரில் விரல்களை மெல்ல மேலே ஏற்றிப் பழகவும் சொல்லித் தருவார்.

வீடு தேடி வரும் வைத்தியம் நமக்குப் புதிதல்ல. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம். பிரஷர், சுகர் மாத்திரை வாசலுக்கே வருகிறது, பிசியோதெரபிஸ்ட்டும் வருகிறார். 104-க்குப் போன் செய்தால் பொதுவான ஆலோசனை கிடைக்கிறது. ஆனால், நம் ஆபரேஷன் விவரம் தெரிந்த வார்டு நர்ஸ் பேசுவதன் தெம்பே தனி. அதற்குப் புதுக் கட்டடமா வேண்டும்? ஒரு போனும், அதை எடுக்க நர்சுக்கு நேரமும் ஒதுக்கினால் போதாதா?

ஒன்றை மறக்க வேண்டாம். காய்ச்சல், தையலைச் சுற்றிச் சிவப்பு, சீழ், பாட்டிலில் திடீரென்று நிறையும் ரத்தம், கழன்றுவிட்ட குழாய்... இவற்றுக்குப் போனோடு நிற்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று பில், மாத்திரை எல்லாம் சரிபார்க்கிறோம். கூடவே, “ராத்திரியில் சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடணும்?” என்று கேட்டு நம்பரையும் எழுதி வாங்குங்கள். நாலு குடும்பம் கேட்டால், ஐந்தாவது குடும்பத்துக்கு அவர்களே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்