கம்பைலரில் ஒரு மொழி: பேணப்போவது யார்?

2025 ஏப்ரலில் வெளியான ஜிசிசி பதினைந்தாம் பதிப்பில் கோபோல் நிரல்மொழி இடம்பெற்றது. மனிதர் எழுதும் நிரலைக் கணினியின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருளைக் கம்பைலர் என்பர். ரிச்சர்டு ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்ட ஜிசிசி, கட்டற்ற கம்பைலர்களில் மூத்தவற்றுள் ஒன்று. கோபோல் அதனினும் மூத்தது. 1959-இல் பிறந்த அந்த மொழியை வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இன்றும் கைவிடவில்லை. ஆயினும் இந்த வாசலைக் கடக்க அதற்கு 38 ஆண்டுகள் ஆயின.

சேர்ப்பதில் உள்ள லாபம் எளிதில் விளங்கும். பத்து மொழிகளை இருபது வகைக் கணினிகளில் தனித்தனியே இயக்க 200 கம்பைலர்கள் வேண்டும். ஜிசிசி எல்லா மொழிகளையும் முதலில் ஒரு பொது வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. எனவே மொழிக்கு ஒன்றாகப் பத்து முகப்புகளும், கணினி வகைக்கு ஒன்றாக இருபது பின்பகுதிகளும் போதும். புதிதாக வரும் மொழி, மற்றவர் பல்லாண்டுகள் செதுக்கிய பின்பகுதிகளைச் செலவின்றிப் பெறுகிறது.

செலவு பிறகுதான் தொடங்குகிறது. ஜிசிசி ஆண்டுக்கு ஒரு பெரும்பதிப்பைக் காண்கிறது; உள்கட்டமைப்பு மாறும்போதெல்லாம் ஒவ்வொரு முகப்பையும் யாரேனும் திருத்தியாக வேண்டும். ஜாவாவின் கதை இதற்குச் சான்று. ஜாவாவுக்கு வேறொரு கட்டற்ற செயலாக்கம் கிடைத்ததும் ஜிசிசியின் ஜாவா முகப்பைக் கவனிக்க ஆளில்லாமல் போயிற்று; 2017-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் அது நீக்கப்பட்டது. ஆகவே, புதிய மொழி ஒன்று வாசலில் நிற்கும்போது, அதன் அழகைவிட அதைப் பேணப்போவது யார் என்பதே முதன்மையான கேள்வி. இதைக் குறுகிய மனம் என்று குறை கூறுவோர் உண்டு. நான் அதை நல்ல கணக்கு என்பேன். பொதுச்சொத்தில் கட்டுமானச் செலவு கண்ணுக்குத் தெரியும், பராமரிப்புச் செலவு தெரியாது. தூர்வாராத நம் ஏரிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இங்கே நமக்கு ஓர் உறுத்தல் இருக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டுச் சிக்கலின்போது உலகின் கோபோல் நிரல்களைத் திருத்திக் கொடுத்துத்தான் இந்திய மென்பொருள் துறை பெருமளவில் வளர்ந்தது. அம்மொழி அறிந்தோர் சென்னையில் இன்றும் ஏராளம். ஆனால், அதை ஜிசிசிக்குள் கொண்டுவந்த முயற்சி சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ புறப்படவில்லை. சைமாஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தைச் சார்ந்த சிறு குழு செய்தது. நாம் உழைப்பை விற்றோம். கருவியில் பங்கு கேட்கவில்லை.

தமிழுக்கும் இது பொருந்தும். முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’, ‘பதிப்பி’, ‘முடி’ போன்ற தமிழ்ச் சொற்களையே கட்டளைகளாகக் கொண்ட நிரல்மொழி. 2009-இல் ஆய்வுக் கட்டுரையாக அறிமுகமானது. அது பைத்தானின் மேல் இயங்குகிறது. அதற்கும் ஜிசிசியில் இடம் வேண்டும் என்று விரும்புவது இயல்பே. ஓர் ஆண்டு நல்கை கொடுத்தால் முகப்பை எழுதிவிடலாம். இரண்டாம் ஆண்டில் பிழை வந்தால் யார் திருத்துவது? பத்தாண்டுகளுக்கு இருவருக்கேனும் ஊதியம் உறுதியாகும்வரை அந்த விண்ணப்பத்துக்கு அவசரம் வேண்டாம். சிறுவருக்கு நிரலாக்கம் கற்பிக்க எழில் இப்போதுள்ள நிலையிலேயே பயன்படும்.

ஜவ்வாது மலையடிவாரத்தில் எங்கள் சந்தவாசலிலிருந்து பேருந்தேறி வேலூருக்குப் பொறியியல் படிக்கப் போகும் மாணவரும் முதலாண்டு ஆய்வகத்தில் ஜிசிசியைப் பயன்படுத்தியிருக்கக்கூடும். அதன் மூலநிரலைத் திறந்து பார்க்கலாம் என்று அவரிடம் சொன்னவர் எத்தனை பேர்? மும்பை ஐஐடி, ஜிசிசிக்கென ஒரு மையம் அமைத்துப் பயிலரங்குகள் நடத்தியது. நம் பல்கலைக்கழகங்கள் இறுதியாண்டுத் திட்டப்பணியாக, ஏற்கெனவே உள்ள ஒரு முகப்பில் பதிவாகியிருக்கும் பிழையொன்றைத் திருத்துவதை ஏற்கலாம். அந்தத் திருத்தம் ஜிசிசியில் ஏற்கப்பட்டதா என்பதைக் கொண்டே மதிப்பெண் வழங்கலாம்.